சொந்தக் காசில் புத்தகம் போடுகிறீர்களா? திருத்தக் கொடுக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் எழுதியவரே செலவழித்து அச்சடிக்கும் புத்தகங்கள் நிறைய. அட்டைக்கும் தாளுக்கும் விழாவுக்கும் கணக்குப் போடுகிறோம், செம்மையாக்கத்துக்கு மட்டும் காசு ஒதுக்குவதில்லை. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான்.

என் சிறுகதைகளைத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் பிழை பார்த்துத் தந்துவிட்டார். இனியும் ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி)

ரீச்சர், அவர் பார்த்தது ஒற்றும் லகர ளகரமும். அது கடைசியில் செய்கிற வேலை. எந்தக் கதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடலாம், எந்தக் கதை உண்மையில் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, மகேஸ்வரி எப்படி நடுவில் மங்கையர்க்கரசி ஆனாள் என்பதையெல்லாம் முதலில் ஒருவர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வசனங்கள். பக்கம் வடிவமைத்த பிறகே புரூப், அதாவது அச்சுக்கு முன் கடைசியாகப் பிழை பார்ப்பது. முதல் இரண்டையும் ஒருவரே செய்யலாம், ஆனால் புரூப்புக்குப் புதிய கண் வேண்டும், ஏனென்றால் பலமுறை வாசித்தவருக்குத் தாளில் இருப்பது தெரியாது, மனதில் இருப்பதுதான் தெரியும். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் பிறந்த மண்ணில் இன்றும் இதை ஒரு தயவாகக் கேட்டு வாங்குகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இது உழைப்பு, கூலி கொடுக்க வேண்டும்.

ஒருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் மொத்தமாக இவ்வளவு என்கிறார். எதை நம்புவது? (கொக்குவில்)

பக்கக் கணக்கை விடுங்கள். எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறிவிடும். வேர்ட் கோப்பின் அடியில் சொல் எண்ணிக்கை தெரியும், அதை வைத்துப் பேசுங்கள். அதற்கும் முன்னால் நான்கைந்து பக்கம் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் காசு கொடுங்கள். முதல் பக்கங்களைக் கொடுக்காதீர்கள், அவற்றை நீங்களே நூறு தரம் மெருகேற்றியிருப்பீர்கள், நடுவிலிருந்து எடுங்கள். திரும்பி வந்ததும் சிவப்பு எத்தனை என்று எண்ண வேண்டாம். உங்களிடம் என்ன கேட்டிருக்கிறார் என்று பாருங்கள். ‘இவர் முன் அத்தியாயத்தில் கனடாவில் இருந்தாரே?’ என்று கேட்கிறவர் கதைக்குள் இருக்கிறார். பிறகு எத்தனை சுற்று, எப்போது தருவார், பாதியில் நின்றால் எவ்வளவு என்பதை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். காசைத் தொடங்கும்போது ஒரு பங்கு, முதல் சுற்று வந்ததும் ஒரு பங்கு, முடிவில் மிச்சம் என்று பிரிப்பது இருவருக்கும் நல்லது.

சென்னையில் ஒருவரிடம் நாவலைக் கொடுத்தேன். ‘கதைத்தான்’ எல்லாம் ‘பேசினான்’ ஆகி, ‘பேந்து’ எல்லாம் ‘அப்புறம்’ ஆகித் திரும்பி வந்திருக்கிறது. என் பருத்தித்துறை மீனவர் வேறு யாரோ ஆகிவிட்டார். என்ன செய்வது? (பருத்தித்துறை)

தம்பி, கோபம் நியாயம். ஆனால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம், வசன அமைப்பில் அவர் நல்லது செய்திருக்கலாம். அவர் வேர்ட்டில் மாற்றங்களைக் குறித்துக் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ போட்டுத் திருத்தியிருந்தால் ஒவ்வொன்றாக ஏற்கவோ தள்ளவோ முடியும். போடாமல் இருந்தால் உங்கள் மூலக் கோப்பையும் அவருடையதையும் வேர்ட்டிலேயே ஒப்பிடலாம். அடுத்த தடவை, கொடுக்கும் முன் ஒரு தாளில் சொற்பட்டியல் எழுதுங்கள்: தொடக்கூடாத சொற்கள் எவை, ரீச்சரா டீச்சரா, ஒக்டோபரா அக்டோபரா, ரூபாவா ரூபாயா, பேச்சுவழக்கு உரையாடலில் மட்டுமா கதை சொல்பவரின் குரலிலுமா. யாழ்ப்பாணத்துக்காரரிடம் கொடுத்தாலும் இந்தத் தாள் வேண்டும், வடமராட்சிப் பேச்சையும் தீவுப் பேச்சையும் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மாற்றாமல் ஓரத்தில் கேள்வி எழுதச் சொல்லுங்கள். செம்மையாக்குநர் கேட்கலாம், வாதாடலாம், கடைசிச் சொல் உங்களுடையது.

அச்சகத்தில் பழைய பாமினி எழுத்துருவில் கேட்கிறார்கள். திருத்தியது இப்போது எல்லாக் கணினியிலும் கைபேசியிலும் வரும் யுனிகோட்டில் இருக்கிறது.

மாற்றிய பிறகு இன்னொரு தரம் வாசித்தே ஆக வேண்டும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருக்கிற எழுத்துரு, அதனால் இடையில் வந்த ஆங்கிலப் பெயர்கள் புரியாத தமிழாகிவிடும். மேற்கோள் குறிகளையும் ஸ்ரீ, ஔ வரும் இடங்களையும் தனியாகத் தேடுங்கள். புரூப்பை அதற்குப் பிறகு, தாளில் எடுத்துப் பாருங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரும்போது வெளியீடு வைக்க விருப்பம். இரண்டு மாதம்தான் இருக்கிறது. நாவல் 40,000 சொல். (திருநெல்வேலி)

ஒருவர் நாளுக்கு 2,000 சொல் கவனமாகப் பார்த்தால் ஒரு சுற்றுக்கே 20 வேலை நாள். அதை நீங்கள் வாசித்து முடிவெடுக்க வேண்டும், பிறகு வடிவமைப்பு, புரூப், அச்சு. நடக்கலாம், ஆனால் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே சுருக்கப்படுவது புரூப்தான். மண்டபத்துக்கு முற்பணம் கட்டவில்லை என்றால் தள்ளி வையுங்கள். வந்தவர்களுக்கு ஒரு அத்தியாயத்தை வாசித்துக் காட்டுங்கள், புத்தகத்தைப் பிறகு அனுப்பலாம்.

கோப்பைக் கொடுத்தால் திருடிவிடுவார்களோ? புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணைச் செம்மையாக்குநர்தான் எடுத்துத் தருவாரா?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருக்குப் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், திகதி இருக்கும். ஐ.எஸ்.பி.என். வெளியீட்டாளரின் வேலை, இங்கே வெளியீட்டாளர் நீங்கள்தான். கொழும்பில் உள்ள தேசிய நூலகத்துக்கு விண்ணப்பியுங்கள், அட்டை அச்சுக்குப் போகும் முன்.