கார்கிவுக்குக் காரில் போகலாமா?

கேள்வி: ஐயா, நான் உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. 2022 மார்ச்சில் ஊர் திரும்பி, படிப்பை வேறு நாட்டில் முடித்து, இப்போது ஜெர்மனியில் வேலையில் இருக்கிறேன். குண்டு விழுந்த நாட்களில் எங்களுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர். அவரைப் பார்க்க என் காரிலேயே போலந்து வழியாகப் போய்வர ஆசை. ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் ஓட்டிப் பழகியவன். கவனமாக ஓட்டினால் ஆபத்தில்லைதானே? வழியெல்லாம் படம்பிடித்து, போர் நடக்கும் நாட்டை நம் மக்களுக்குக் காட்டவும் நினைக்கிறேன். என்னென்ன முன்னெச்சரிக்கை தேவை?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மியூனிக்)

பதில்: தம்பி, பாட்டியைப் பார்க்க நினைத்தது நல்ல மனசு. அதற்காகக் காரை எடுக்காதீர்கள். கேமராவைத் தொடவே தொடாதீர்கள். இவ்வளவு கண்டிப்பாக ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களைப் போல அங்கே படித்துவிட்டு இப்போது ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இதே எண்ணம் இருக்கும்.

'கவனமாக ஓட்டினால்' என்கிறீர்கள். 2022 பிப்ரவரி கடைசியில், நீங்கள் கார்கிவில் பதுங்கியிருந்த அதே நாட்களில், டெல்லியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கீவிலிருந்து வெளியேற வாடகைக் காரில் கிளம்பினார். வழியில் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் என்ன கவனக்குறைவு செய்தார்? மார்ச்சில் கீவுக்கு மேற்கே, ஜிட்டோமிர் நெடுஞ்சாலையில், தப்பிப் போன குடும்பங்கள் காரோடு சுடப்பட்டன. 'உள்ளே குழந்தைகள்' என்று காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு போனவர்களும் அந்த நாட்களில் தப்பவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தெற்கே ஜாபோரிஜியாவில், ரஷ்ய ஆக்கிரமிப்புப் பகுதியில் இருந்த உறவினர்களை அழைத்துவர வரிசையில் காத்திருந்த கார்கள்மேல் ஏவுகணைகள் விழுந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். இவர்கள் யாருமே வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை.

சரி, அதெல்லாம் 2022, இப்போது சண்டை கிழக்கிலும் தெற்கிலும்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். எல்லை தாண்டி லிவிவ் போய், அங்கிருந்து கீவ் வரை ஏறக்குறைய 540 கி.மீ. நல்ல சாலை. பெட்ரோல் பங்கில் காபி கிடைக்கும், லாரிகள் ஓடும், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள். பார்ப்பவனுக்குப் போர் எங்கே என்றே தோன்றும். 2022 ஜூலை 14 காலையில் வின்னித்சியாவும் அப்படித்தான் இருந்தது. சண்டை நடக்கும் இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். ஊர் நடுவே ஏவுகணை விழுந்தது, நிறுத்தியிருந்த கார்கள் வரிசையாக எரிந்தன, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு.

ஆனால் மேற்குப் பகுதியில் உங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரருக்கு ஏவுகணையைவிட முதலில் எதிர்ப்படுவது சோதனைச் சாவடி. அங்கே அதை 'ப்ளோக்போஸ்ட்' என்பார்கள். காங்கிரீட் கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சாலையில் போட்டிருப்பார்கள், பாம்பு போல வளைந்துதான் போக முடியும். மின்வெட்டு இரவில் அந்தக் கட்டைகள் கிட்டே போகும்வரை கண்ணில் படாது. ஆட்டோபான் வேகத்தில் வருகிறவன் முதலில் மோதுவது அதில்தான். அப்படி வேகமாக வரும் வண்டியைக் காவல் நிற்கும் இருபது வயதுப் பையன் எப்படிப் பார்ப்பான் என்று யோசியுங்கள். அவனுக்கு உங்கள் பாட்டி கதை தெரியாது. இருட்டில் வெளிநாட்டு நம்பர் போட்ட கார் ஒன்று, வேகம் குறையாமல் தன்னை நோக்கி வருவது மட்டும்தான் தெரியும்.

அங்கே இருப்பவர்கள் எப்படிப் போகிறார்கள் என்றால், தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, முன்விளக்கைத் தாழ்த்தி, காருக்குள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கைகளை ஸ்டியரிங் மேலேயே வைத்திருப்பார்கள். கைகாட்டும்வரை நகர மாட்டார்கள். பாஸ்போர்ட்டை எடுக்கப் பைக்குள் கைவிடும் முன் சொல்லிவிட்டு எடுப்பார்கள். போனைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுவார்கள். 'டோப்ரி டென்' என்று ஒரு வணக்கம் சொன்னால் முகம் மாறும். ராணுவ வண்டி வரிசை வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும், முந்தவோ இடையில் நுழையவோ கூடாது. இன்னொன்று, திரும்பி வரும்போது எல்லைப் பக்கம் யாராவது ஆண் 'கூட ஏற்றிக்கொள்' என்று கெஞ்சினால் ஏற்றாதீர்கள். ராணுவ வயது ஆண்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருக்கிறது. ஒளிந்து போகிறவருக்கு உதவினால் சட்டவிரோதமாக எல்லை தாண்ட உதவியதாக உங்கள்மேல் வழக்கு வரும்.

இனி கேமரா. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இது. வழியெல்லாம் படம்பிடிப்பேன் என்கிறீர்களே, வழியெல்லாம் இருப்பவை என்ன? பாலம், சாவடி, ஜெனரேட்டர் வைத்த கட்டடம், ரயில்வே யார்டு, ராணுவ லாரி. 2024 ஜனவரியில் கீவில் நடந்ததைக் கேளுங்கள். குடியிருப்புகளில் வைத்திருந்த இரண்டு கண்காணிப்புக் கேமராக்களை ரஷ்யத் தரப்பு இணையம் வழியாகக் கைப்பற்றி, வான்பாதுகாப்புப் படை எங்கே இருக்கிறது என்று பார்த்ததாக உக்ரைனின் உள்நாட்டு உளவு அமைப்பான எஸ்பியு அறிவித்தது. கார் நிறுத்துமிடத்தைப் பார்க்க வைத்த கேமராவுக்கே இந்தக் கதி என்றால், ஜிபிஎஸ் இடக்குறிப்போடு நீங்கள் போடும் ரீல்ஸ் என்ன ஆகும்? போர் தொடங்கிய சில நாட்களில் கூகுள் நிறுவனமே உக்ரைனில் தன் வரைபடத்தின் நேரடிப் போக்குவரத்துத் தகவலை நிறுத்தியது. எந்தச் சாலையில் கூட்டம் என்பதுகூட எதிரிக்குக் குறி காட்டிவிடும் என்பதால்தான். படைகளின் நடமாட்டத்தையோ இருப்பிடத்தையோ வெளியிடுவதைக் குற்றமாக்கி 2022 மார்ச்சில் உக்ரைன் குற்றவியல் சட்டத்தில் 114-2 என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், ஆண்டுக்கணக்கில் சிறை. பல மாகாணங்களில் டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடிப் பக்கம் வைக்கும் கேமரா) வைத்து ஓட்டவே தடை. உங்கள் காரில் டேஷ்கேம் இருந்தால் அணைத்தால் மட்டும் போதாது, கழற்றி வீட்டில் வையுங்கள். ட்ரோன் வாங்கி வைத்திருந்தால் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நம் மக்களுக்கு உண்மை நிலையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கான விலையை நீங்கள் தர மாட்டீர்கள். நீங்கள் மியூனிக் திரும்பிவிடுவீர்கள், உங்கள் படத்தில் வந்த பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர் அங்கேயே இருப்பார்.

அடுத்தது, சாலையோரம். நம் ஊரில் நீண்ட பயணத்தில் வண்டியை ஓரம்கட்டி, புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவது சாதாரணம். கார்கிவ் மாகாணத்தில் அதைச் செய்யக்கூடாது. இஜியூம் பக்கம் 'லெபெஸ்தோக்' என்ற கண்ணிவெடிகள் நிறையக் கிடந்தன. 'இதழ்' என்று பொருள். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், புல்லில் கிடந்தால் இலை மாதிரி இருக்கும், மிதித்தால் பாதம் போய்விடும். கண்ணிவெடி, வெடிக்காத குண்டு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட நிலம் 2023 கணக்கில் 1,74,000 சதுர கி.மீ. பிறகு ஆய்வு செய்து குறைத்தார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறக்குறைய 1,30,000 சதுர கி.மீ.தான். டயர் பஞ்சர் ஆனால்கூட தார்ச்சாலையைவிட்டு இறங்காமல் மாற்ற வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடம் சுத்தமான இடம் என்று அர்த்தம் இல்லை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, பாருங்கள். வானிலிருந்து தாக்குதல் வந்தால் காரைவிட்டு இறங்கிப் பள்ளமான இடத்தில் படுங்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. கண்ணிவெடி உள்ள இடத்தில் அந்தப் பள்ளத்திலேயே சாவு இருக்கலாம். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பது அந்த மண்ணில் தினமும் ஓட்டுகிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அங்கே படித்தபோது இருந்த கார்கிவ் வேறு. இப்போது அது ரஷ்ய எல்லையிலிருந்து 30, 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு போர்முனை ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவின் பெல்கொரோத் பக்கமிருந்து ஏவுகணையை ஏவினால் ஒரு நிமிடத்துக்குள் வந்து விழும். பல தடவை சைரன் ஒலிப்பதற்கு முன்பே வெடித்துவிடுகிறது. கார் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் சைரனே காதில் விழாது. தெற்கே கெர்சோன் பக்கமோ நிலைமை இன்னும் மோசம், சின்ன ட்ரோன்கள் தனிக் கார்களைத் துரத்தித் துரத்தி அடிக்கின்றன. போர்முனைச் சாலைகள் சிலவற்றின் மேலே மீன்வலை மாதிரி வலை கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

மீதி விஷயங்கள் சுருக்கமாக. கீவில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஊரடங்கு, மற்ற ஊர்களில் நேரம் மாறும். எல்லையில் பல மணி நேரம் போய்விட்டால் இரவு தங்க இடமில்லாமல் நடுவழியில் மாட்டுவீர்கள். சிக்னலைக் குழப்பும் ஜாமர் கருவிகளால் ஜிபிஎஸ் தவறான இடத்தைக் காட்டும். உங்கள் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள், போரினால் வரும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். ஜெர்மனி அரசு உக்ரைன் பயணம் வேண்டாம் என்றே எச்சரித்திருக்கிறது. 2022 அக்டோபரில் நம் கீவ் தூதரகமும் அங்கிருந்த இந்தியர்களைக் கிளம்பச் சொன்னது.

இவ்வளவும் படித்த பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், ரயிலில் போங்கள். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நம் பிரதமர் கீவ் போனதும் போலந்திலிருந்து ரயிலில்தான். போலந்து எல்லையில் பிஷெமிஷ்ல் என்ற ஊரில் ஏறினால் லிவிவ், கீவ் போகலாம். ரயிலுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் 8 அன்று கிழக்கே கிராமடோர்ஸ்க் ரயில் நிலையத்தில் ஏவுகணை விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் ரயிலில் எப்போது நிறுத்துவது, எப்போது ஓட்டுவது என்பதை அந்த வேலை தெரிந்தவர்கள் முடிவு செய்கிறார்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் டாக்டர், எப்படிக் கட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் மட்டும் என்றால் 103.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாட்டியிடம் கேட்டீர்களா? நீங்கள் வருகிறீர்கள் என்றால் அவர் இரண்டு நாள் முன்பிருந்தே தூங்க மாட்டார். சைரன் கேட்கும்போதெல்லாம் 'பையன் எந்த ரோட்டில் இருக்கிறானோ' என்று தவிப்பார். உங்கள் கார் வழியில் அடிபட்டால் வந்து தூக்குகிறவர்கள் அந்த ஊர் ஆம்புலன்ஸ்காரர்கள். கார்கிவில் ஒரு தடவை அடித்த இடத்தையே, மீட்பவர்கள் வந்த பிறகு திரும்ப அடித்திருக்கிறார்கள்.

முதலில் அவருக்குப் போன் போடுங்கள். கார்கிவிலிருந்து லிவிவுக்கு ரயில் ஓடுகிறது. உடம்பு தாங்கும், வர விருப்பம் இருக்கிறது என்று அவர் சொன்னால் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, நான்கு நாள் லிவிவில் கூட இருந்து பாருங்கள். வர முடியாது என்றால் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையோ, நல்ல பவர் பேங்கோ, கரண்ட் இல்லாத இரவுக்கு ஒரு சார்ஜ் விளக்கோ கேட்பார். அதை அங்கே வேலை செய்யும் தொண்டர்கள் வழியாக அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று திரும்பவும் போன் போடுங்கள்.