வலு குறைந்த பிட்டர் ஏல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: லண்டனில் ஒரு பப்பில் 3.5 சதவீத ஆல்கஹால் உள்ள பிட்டர் (கசப்பான ஆங்கில ஏல் வகை பியர்) வாங்கினேன். ஜில்லென்று இல்லை, நுரைத்துப் பொங்கவும் இல்லை, தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது. கெட்டுப்போனதைத் தந்துவிட்டார்களா?

பதில்: ஜில்லென்று இல்லாததும் பொங்காததும் அந்தப் பியரின் இயல்பு. கைப்பம்பால் இழுத்து ஊற்றும் பிட்டரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்து, அதே குளிர்ச்சியில்தான் தருவார்கள். வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை என்பதால் ஜில்லென்று குடிக்கும் லாகர் வகை பியரில் இருப்பதில் ஏறக்குறைய பாதி வாயுதான் இருக்கும். இதை 4 டிகிரிக்குக் குளிர வைத்தால் ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணமும் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவையும் அடங்கிவிடும். ஆனாலும் நாக்கு நுனியில் லேசாகச் சுறுக்கென்று இருக்க வேண்டும். அதுகூட இல்லையென்றால் பீப்பாயைத் திறந்து நாளாகிவிட்டது என்று பொருள்.

தண்ணீர் போலிருப்பதுதான் கவனிக்க வேண்டிய புகார். சாதாரண பிட்டரின் ஆல்கஹால் சுமார் 3.2 முதல் 3.8 சதவீதம். பியருக்குக் கனம் தருவதில் ஆல்கஹாலுக்கும் பங்குண்டு. அது குறையும் இடத்தை கேரமல் வாசனையுள்ள கிறிஸ்டல் மால்ட் போன்றவற்றால் நிரப்புவது தயாரிப்பாளரின் திறமை. ஹுக் நார்ட்டன் நிறுவனத்தின் ஹுக்கி 3.5 சதவீதம், அட்னம்ஸ் நிறுவனத்தின் சவுத்வோல்ட் பிட்டர் பீப்பாயில் 3.7 சதவீதம். நன்றாகப் பராமரிக்கும் பப்பில் இவை கிடைத்தால், வலு குறைந்த பியரும் எவ்வளவு நிறைவாக இருக்க முடியும் என்பது தெரியும்.

ருசி பார்க்க அரை பைன்ட், அதாவது 284 மில்லி போதும். முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: தேன் நிறமோ செம்பு நிறமோ, தெளிவாக இருக்க வேண்டும் (தெளிய வைக்காமலே விற்கும் வகை மட்டும் விலக்கு). அடுத்து மணம். ஃபகிள், கோல்டிங்ஸ் போன்ற ஆங்கில ஹாப்ஸில் ஈரமண், காய்ந்த புல், ஆரஞ்சுத் தோல் வாசம் வரும். மால்ட்டில் பிஸ்கட் வாசம் வரும். பிறகு வாய் நிறைய ஒரு மடக்கு குடித்து விழுங்குங்கள். ஒயின் ருசிப்பவர்களைப் போலத் துப்பிவிடக் கூடாது. இந்தக் கசப்பு விழுங்கும்போதுதான் நன்றாகத் தெரியும். முதல் மடக்கை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். உட்கார்ந்து பேசிக்கொண்டே இரண்டு மூன்று கிளாஸ் குடிப்பதற்காக உருவான பியர் இது. விழுங்கிய பின் வாய் உலர்ந்து அடுத்த மடக்கைக் கேட்டால் நல்ல பிட்டர். கசப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் மால்ட் போதவில்லை.

வலு குறைந்த பியரில் குறைகள் ஒளிந்துகொள்ள இடமில்லை. கைப்பம்பு இழுக்கும்போது பீப்பாய்க்குள் காற்று போகும். திறந்த மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்ப்பதே நல்லது. வினிகர் வாடை வந்தால் காற்றுபட்டுப் புளித்திருக்கிறது. நனைந்த அட்டை வாடை, ஆக்சிஜனால் வந்த பழமை. வெண்ணெய் மிட்டாய் வாசம் துளியளவு இருந்தால் சில ஆங்கில ஏல்களுக்கு அது இயல்பு. நாக்கில் பிசுபிசுக்கும் அளவுக்கு இருந்தால் நொதித்தலிலோ குழாய்ச் சுத்தத்திலோ பிழை. மருத்துவமனை மருந்து வாடைக்கு வேண்டாத காட்டு ஈஸ்ட் காரணமாக இருக்கலாம்.

எனவே பெயரைவிட விற்பனை வேகத்தைப் பாருங்கள். கூட்டமில்லாத பப்பில் எட்டுப் பம்பு இருப்பதைவிட, கூட்டமுள்ள பப்பில் இரண்டு பம்பு இருப்பது மேல். எது அதிகம் ஓடுகிறது என்று கேட்டு, அதையே வாங்குங்கள். வாங்குமுன் ஒரு வாய் ருசி பார்க்கலாமா என்றும் கேட்கலாம். பீப்பாய் ஏல் விற்கும் பப்களில் இது வழக்கம்தான்.

குறை தெரிந்தால் இரண்டு மடக்கோடு நிறுத்தி, உடனே கவுண்டருக்கு எடுத்துப் போங்கள். முக்கால் கிளாஸ் காலியான பின் வாதாட முடியாது. 'பிடிக்கவில்லை' என்று சொல்லாமல் 'வினிகர் வாடை அடிக்கிறது' என்று குறையைச் சொல்லுங்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விற்கும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். அக்கறையுள்ள பப்பில் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள்.

கேள்வி: யார்க்ஷயரில் பைன்ட் கேட்டால் விரற்கடை நுரையோடு தருகிறார்கள். அளவில் ஏமாற்றா?

பதில்: யார்க்ஷயர் போன்ற இங்கிலாந்தின் வடபகுதியில் பம்பின் மூக்கில் சிறு துளைகள் உள்ள மூடி ஒன்றைப் பொருத்துவார்கள், பெயர் ஸ்பார்க்ளர். கெட்டி நுரை அதனால்தான். நுரையை நீக்கிப் பார்த்தால் குறைந்தது 95 சதவீதம் திரவம் இருக்க வேண்டும் என்பது தொழில்துறை வழிகாட்டல். குறைந்தால் நிரப்பித் தரச் சொல்லுங்கள்; கேட்பது தவறே அல்ல. அளவுக்கோடு போட்ட பெரிய கிளாஸானால் திரவம் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேல்.

கேள்வி: அதே பெயரை சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலில் வாங்கினேன். ருசி வேறாக இருக்கிறதே?

பதில்: பல சமயம் பியரே வேறு. சவுத்வோல்ட் பிட்டரின் பாட்டில் வடிவம் பீப்பாயைவிட வலுக் கூடியதாக, 4.1 சதவீதத்தில் விற்கப்பட்டது. பெரும்பாலான பாட்டில்களில் ஈஸ்ட்டை வடிகட்டி நீக்கி, வாயுவைக் கூட்டியிருப்பார்கள். நிறமற்ற கண்ணாடி பாட்டிலைத் தவிருங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும். பழுப்பு பாட்டிலில், காலாவதித் தேதி தள்ளியிருப்பதை எடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்தால் முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். 'பாட்டிலில் நொதித்தது' என்று லேபிளில் இருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, அடி வண்டலை விட்டுவிட்டு ஒரே சீராக ஊற்றுங்கள்.

கேள்வி: 3.4 சதவீத பியர்கள் திடீரென்று பெருகியது ஏன்?

பதில்: வரி. 2023 ஆகஸ்ட் முதல் பிரிட்டனில் 3.5 சதவீதத்துக்குக் கீழுள்ள பியருக்குத் தீர்வை கணிசமாகக் குறைவு. அதற்காக வலுவைக் குறைப்பது, லேபிளில் அளவைப் போட்டிருக்கும்வரை, சட்டப்படி குற்றமில்லை. ஆனால் வரி குறைந்த அளவுக்கு விலை குறைந்ததா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் வேறொன்றை வாங்குங்கள். வலு குறைவுதானே என்று குடித்துவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம்: 3.5 சதவீத பைன்ட் ஒன்றிலேயே 2 யூனிட் (சுமார் 20 மில்லி தூய) ஆல்கஹால் உண்டு.

கேள்வி: நான் சைவம். பிட்டர் குடிக்கலாமா?

பதில்: கேட்டுத்தான் வாங்க வேண்டும். பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு அடியில் படியும். பெரும்பகுதி கிளாஸுக்கு வராது என்றாலும் பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான். அது சேர்க்காத பியர்களும் இப்போது வருகின்றன. பம்பின் முகப்பு அட்டையில் 'அன்ஃபைன்ட்' (தெளிய வைக்காதது) அல்லது 'வீகன்' என்றிருக்கும். இவை சற்றுக் கலங்கலாக இருக்கலாம், அது குறையல்ல. அட்டையில் ஒன்றும் இல்லையென்றால் பப்பில் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் பீப்பாய் ஏலில் ஐசிங்கிளாஸ் இருந்து, பாட்டிலில் இல்லாமல் இருப்பதும் உண்டு.