வள்ளத்தை அடகு வைக்காதீர்கள், அம்மா

போன வாரம் தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து ஓர் அம்மா, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு மகனோடு என்னிடம் வந்திருந்தார். பையன் இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. "வள்ளத்தை வைத்துப் பணம் புரட்டு, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம்" என்று தாய்மாமன் நெருக்குகிறார். பையன் கையிலோ ஒரு விளம்பரத் தாள்: டைவ் மெடிக்கல் டெக்னீசியன் (டி.எம்.டி., கடலடியில் வேலை செய்யும் டைவர்களுக்கு அவசர சிகிச்சை தருபவர்), இரண்டே வாரம், கடலில் கைநிறையச் சம்பளம். அம்மா அழுதுவிட்டார். அன்று ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினேன். சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் அண்ணன் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் வெளிநாட்டில் படித்து வந்தவர் இங்கே ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிய முடியும். அதுவரை வட்டி கட்டுவது யார்? வீட்டில் ஐந்து பேருக்கும் அந்த வள்ளம்தான் சோறு போடுகிறது. அதை வைத்து வாங்கும் எந்தப் படிப்பும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்பி, அதாவது உங்கள் மகன், சொன்னதைக் கவனித்தீர்களா? பெரியப்பா சங்கு குளிக்கப் போய், கம்ப்ரசர் ஹோஸில் மூச்சு விட்டபடி நெடுநேரம் அடியில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்திருக்கிறார். வள்ளத்தில் உட்கார்ந்ததும், "காலு மரத்துப்போச்சுடா, எழும்ப முடியல" என்றாராம். "என்ன செய்யணும்னு அங்க யாருக்குமே தெரியல சார்" என்று சொல்லும்போது தம்பியின் குரல் உடைந்தது. டாக்டராக வேண்டும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அவனுக்குப் பிடித்திருக்கும் வேலை உண்மையில் பெரிய வேலை. கடலடி எண்ணெய்க் கிணறுகளில் ஆழத்தில் வேலை செய்யும் டைவர்கள் நாள்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே வாழ்வார்கள். 100 மீட்டர் ஆழத்து அழுத்தத்தில் இருக்கும் ஒருவரை வெளியே கொண்டுவர நான்கைந்து நாள் ஆகும். உள்ளே அடிபட்டால் கதவைத் திறந்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. கூட இருக்கும் டி.எம்.டி. படித்தவர்தான், வெளியிலிருந்து மருத்துவர் சொல்லச் சொல்ல, கை வைக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வந்த பெண்ட்ஸுக்கு (சட்டென்று மேலே வருவதால் உடம்பில் வாயுக் குமிழ்கள் உண்டாகும் நோய்) வழக்கமான சிகிச்சை, சேம்பர் எனும் அழுத்த அறையை 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்துக்கு ஏற்றி, சுத்த ஆக்சிஜன் கொடுத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் மெல்ல இறக்குவது. அந்த அழுத்தத்தில் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் மூச்சுக்குழாய்க்குள் செருகும் குழாயின் பலூனில் காற்றுக்குப் பதிலாக உப்புநீரை ஏற்றுவார்கள். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்திருந்தால், அழுத்தம் குறையக் குறைய அது விரிந்து நுரையீரலை நசுக்கும். உடனே ஊசி போட்டு அதை வெளியேற்றத் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டு வாரத்தில் கற்க முடியுமா? பயிற்சி ஏறத்தாழ இரண்டு வாரம்தான், அது உண்மை. ஆனால் அது கடலடி வேலையையே தொழிலாகச் செய்யும் கமர்ஷியல் டைவர்களுக்கோ மருத்துவப் பின்னணி உள்ளவர்களுக்கோ மேலே ஏற்றும் தகுதி. அடித்தளம் இல்லாமல் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது வீண். போன வருடம் ஒரு குடும்பம் எங்கோ எட்டு லட்சம் கட்டிவிட்டு என்னிடம் வந்தது. சான்றிதழில் எந்த அங்கீகார அமைப்பின் பெயரும் இல்லை. அந்தப் பையன் இப்போது மொபைல் கடையில் நிற்கிறான்.

யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு உண்டு. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு வள்ளத்தைத் தொட வேண்டியதே இல்லை. அவசரப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து, நரம்பில் ஊசி போடுவது, தையல் போடுவது, மூச்சுக்குழாய் வைக்க உதவுவது எல்லாம் கைக்கு வந்துவிடும். அப்புறம் சம்பாதித்த காசில் டைவிங் பயிற்சி, அதற்கு மேல் டி.எம்.டி. இன்னொன்றும் இருக்கிறது. மும்பைக் கடலில் எண்ணெய் எடுக்கும் மும்பை ஹை பக்கம் மழைக்காலத்தில் டைவிங் வேலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் வெறும் டைவர் வீட்டில் இருப்பார். இவன் ஆம்புலன்ஸிலோ, ஆறாத புண்ணுக்கு ஆக்சிஜன் சிகிச்சை தரும் சேம்பரிலோ வேலை பார்க்கலாம்.

டி.எம்.டி. பயிற்சி நிலையம் தேடும் காலம் வரும்போது, தம்பி, கட்டடத்தைப் பார்த்து மயங்காதே. கடலடி ஒப்பந்த நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான இம்காவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று இம்காவின் பட்டியலிலேயே பார். நிஜமான சேம்பருக்குள் உட்காரவைத்து அழுத்தம் ஏற்றுவார்களா, மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேள். வாயால் சொன்னால் போதாது. சான்றிதழைச் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வை.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அம்மா. சின்ன வயதில் தம்பிக்குக் காதில் சீழ் வடியும் என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ டைவிங் உடற்தகுதி கிடைப்பது கடினம். திங்கட்கிழமையே அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். காது சரியில்லை என்று வந்தாலும் அந்த பி.எஸ்சி. அவனுக்குப் பொருந்தும், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அந்த விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.