சார்ட்டில் எழுதிய 142

கேள்வி: கோவை அருகே ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்சிங் அசிஸ்டெண்டாக வேலை பார்க்கிறேன். ஒரு வருட சான்றிதழ் படிப்புதான் படித்திருக்கிறேன். சம்பவம் நடந்த அன்று ராத்திரி ஸ்டாஃப் நர்ஸ் லீவு. நானும் ஒரு ஆயாவும் மட்டும்தான் டியூட்டியில் இருந்தோம். சர்க்கரை நோய் உள்ள 78 வயது பாட்டிக்கு இன்சுலின் 16 யூனிட் போட வேண்டும். மேனேஜர் போனில் "நீயே போட்டுடு" என்றார், போட்டேன். அதன் பிறகு பாட்டி அரை இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. விடியற்காலை 5 மணிக்குப் பார்த்தபோது உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதமாகியும் பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத மகன், எல்லோர் முன்னாலும் என்னைக் கொலைகாரி என்று திட்டிவிட்டு போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். அன்று காலையிலேயே மேனேஜர், சார்ட்டில் காலியாக இருந்த இரவு 10 மணி கட்டத்தில் சுகர் 142 என்று எழுதச் சொன்னார். எழுதினேன். "என் கவனக்குறைவால் நடந்தது" என்று கடிதமும் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. என் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவர்களிடமே இருக்கிறது. மகன் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா? எனக்கு ஜெயில் வருமா? இல்லத்தின் வக்கீலே எனக்கும் சேர்த்து ஆஜராவதாகச் சொல்கிறார்கள். எனக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: மகன் திட்டியதை விட்டுவிடுங்கள். தாயை அந்த நிலையில் பார்த்த ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தியதை வைத்து மானநஷ்ட வழக்கு நடத்தி நீங்கள் ஒன்றும் சம்பாதிக்கப் போவதில்லை. அவர் எத்தனை மாதம் வரவில்லை என்பதையும் எந்த நீதிபதியும் கேட்க மாட்டார். ஸ்டாஃப் நர்ஸ் இல்லாமல் இல்லத்தை நடத்தியது நிர்வாகத்தின் தவறுதான். அதற்கு அவர்கள் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் பங்கைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: அந்த 142.

இன்சுலின் போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாதவருக்குச் சுகர் ஆபத்தாக இறங்கிவிடலாம். இரவு 10 மணிக்கு நீங்கள் சுகர் பார்க்கவில்லை. பார்க்காதது கவனக்குறைவு. பார்த்ததாகக் காலையில் எழுதியது பொய்ப் பதிவு. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு இடத்தில் நிற்கின்றன.

சுகர் பார்க்கும் மெஷினான குளுக்கோமீட்டர்களில் பெரும்பாலானவை, எடுக்கும் ரீடிங்குகளைத் தேதி, நேரத்தோடு மெமரியில் வைத்துக்கொள்கின்றன. விசாரணை அதிகாரி அந்தச் சின்ன மெஷினைக் கைப்பற்றிப் பழைய ரீடிங்குகளைத் தள்ளிப் பார்த்தால் போதும். மாலையில் ஒன்று இருக்கும், விடியற்காலையில் ஒன்று இருக்கும், நடுவில் எதுவும் இருக்காது. பக்கத்திலேயே உங்கள் கையெழுத்தில் 142. அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட நம்ப ஆள் கிடைக்காது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) பிரிவில், அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. உயிருக்கு ஆபத்தான காயமும், 15 நாள் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனதும் கொடுங்காயக் கணக்கில் வரும், எனவே இந்தப் பிரிவு பொருந்தும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். புகார் கொடுத்த மறுநாளே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பாதிக்கப்பட்ட தரப்போடு சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலிலும் இது இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அதே சட்டத்தின் 344-வது பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு முதலாளியின் பதிவேட்டில் பொய்யாக எழுதும் ஊழியருக்கானது. அதிகபட்சம் ஏழு ஆண்டு. இது சமரசப் பட்டியலில் இல்லை. பாட்டியின் மகன் நாளை மனமிரங்கி உங்களை மன்னித்தாலும், அவர் மன்னிப்பால் மட்டும் இந்தப் பிரிவு போகாது, உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் ரத்து கேட்க வேண்டியிருக்கும். ஏமாற்றும் நோக்கம் உங்களுக்கு இல்லை, பயத்தில் எழுதினேன் என்று வாதாடலாம், இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நீங்களாகவே முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு வைப்பது வேறு, மெஷினைக் காட்டிய பிறகு வைப்பது வேறு.

"மேனேஜர் சொன்னதால்தான் ஊசி போட்டேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது, மேனேஜரையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான். வீட்டில் மகளே அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறாளே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வீட்டில் போடலாம். காசு வாங்கிக்கொண்டு நிறுவனம் தரும் பராமரிப்பில் அது நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியரின் வேலை. ஒரு வருட சான்றிதழ் உங்களுக்கு அந்தப் பதிவைத் தராது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் 106(1) பிரிவில் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு, மற்ற எல்லோருக்கும் ஐந்து ஆண்டு. அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. அந்தக் குற்றத்துக்குச் சமரசமும் கிடையாது. பாட்டி நல்லபடியாகத் தேறி வர வேண்டும் என்று நானும் வேண்டுகிறேன். ஆனால் சட்டப்படி சமரசத்துக்கு உங்களுக்கு இருக்கும் காலம் அவர் உயிரோடு இருக்கும் காலம்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அடுத்து அந்தக் கடிதம். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் போலீஸ் ஸ்டேஷனில் வாயைத் திறக்காமல் இருப்பவர்கள்கூட, ஆபீஸ் ரூமில் வெள்ளைத் தாளை நீட்டினால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மேனேஜர் போலீஸ் இல்லை. அவரிடம் எழுதிக் கொடுத்தது நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த ஒப்புதலாகச் சாட்சியத்துக்குள் வந்துவிடும். பலவீனமான சாட்சியம் என்று எதிர்த்து வாதாடலாம், மிரட்டி வாங்கியது என்றும் சொல்லலாம். ஆனால் மிரட்டி வாங்கினார்கள் என்று இதுவரை நீங்கள் யாரிடமும் எழுத்தில் சொல்லவில்லையே. நாள் ஆக ஆக அந்த வாதம் தேய்ந்துகொண்டே போகும்.

இப்போது வக்காலத்து. போடாதீர்கள். இந்த மாதிரி வழக்குகளில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விழும் குழி இதுதான். இல்லத்தின் வக்கீலுக்கு முதல் கட்சிக்காரர் இல்லம். இல்லத்தைக் காப்பாற்ற மிகச் சுலபமான வழி, "ஊழியர் எங்களுக்குத் தெரியாமல் தன்னிச்சையாக ஊசி போட்டுவிட்டார், அவரே ஒப்புக்கொண்டு எழுதியும் கொடுத்திருக்கிறார்" என்பது. உங்கள் பாரத்தைக் குறைக்க ஒரே வழி, "ஸ்டாஃப் நர்ஸை டியூட்டியில் வைக்காமல் மேனேஜர் என்னை ஊசி போடச் சொன்னார், காலையில் பொய்யும் எழுத வைத்தார்" என்பது. ஒரே வக்கீல் இந்த இரண்டையும் சொல்ல முடியாது. ஃபீஸ் யார் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் சொல்வார்.

நான் பார்த்த ஒரு வழக்கில், இதே போல ஒரு அட்டெண்டர் பெண். "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா, நீ கவலைப்படாம ஊருக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் நிம்மதியாகப் போய்விட்டார். நுகர்வோர் ஆணையத்தில் இல்லம் முதல் எதிர்தரப்பு, அவர் இரண்டாவது. அவருடைய பெயரில் தாக்கலான பதிலில், கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்ற மறந்தது தன் தவறு, நிர்வாகத்துக்கு அதில் பொறுப்பில்லை என்று இருந்தது. கையெழுத்து அவருடையது. வெற்றுத் தாளில் வாங்கி வைத்திருக்கிறார்கள். என்னிடம் அவர் வந்தபோது அந்தப் பதில் ஆவணத்தில் ஏறி வெகுநாளாகியிருந்தது. அதன் பிறகு என்ன வாதாடினாலும் முதலில் கண்ணில் படுவது அவரே கையெழுத்துப் போட்ட அந்தப் பக்கம்தான்.

உங்கள் விஷயத்திலும் மகன் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் வாங்குங்கள், திருப்பி அனுப்பாதீர்கள். பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதைத் தாண்டினால் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது.

உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்க வாய்ப்புண்டு, அதை நீங்கள் உங்கள் கேள்வியில் எழுதவே இல்லை. பாட்டியை எமர்ஜென்ஸிக்குக் கொண்டுபோனபோது டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்? "இன்சுலின் 16 யூனிட், நான்தான் போட்டேன், சாப்பிடவில்லை" என்று சொல்லியிருந்தால் அது அந்த நிமிடமே கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும். மேனேஜர் பேனாவைக் கையில் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. அந்த உண்மைதான் பாட்டியின் சிகிச்சைக்கும் உதவியிருக்கும். கேஸ் ஷீட்டை உங்களிடம் தர மாட்டார்கள், கோர்ட் மூலம் வரவழைக்கலாம். ஒருவேளை மறைத்திருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் போனைப் பத்திரமாக வையுங்கள். மேனேஜர் பேசிய நேரம், வாய்ஸ் மெசேஜ், வாட்ஸ்அப் எதையும் அழிக்க வேண்டாம். போனை மாற்ற வேண்டாம், ரீசெட் பண்ண வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. அப்புறம், சார்ட்டைத் திருத்தப் போகாதீர்கள். 142-ஐ அடித்து எழுதினால் அது இரண்டாவது பொய்யாகத்தான் தெரியும்.

போலீஸ் நோட்டீஸ் கொடுத்தால் ஆஜராகுங்கள். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உங்களைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை இல்லை. "10 மணிக்குப் பார்த்தேன்" என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீல் வந்த பிறகு, 142 எப்போது, யார் சொல்லி எழுதப்பட்டது, கடிதம் எப்படி வாங்கப்பட்டது என்பதை அவர் மூலம் எழுத்தில் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். மெஷினை அவர்கள் திறப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

இனி சமரசம். வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்த வழக்கை நடத்தி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அரை இட்லிதான் சாப்பிட்டார் என்று தெரிந்தும் ராத்திரி முழுக்க மறுபடி சுகர் பார்க்கவில்லை. இந்த ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. மகனுக்குத் தாயின் சிகிச்சைக்கும் இனிவரும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது இல்லம். ஊழியரின் கவனக்குறைவுக்கு நிறுவனம் பொறுப்பு என்பது பழைய சட்டம். மூன்று தரப்பும் உட்கார்ந்து, இல்லம் பணம் கொடுத்து, மகன் 125(பி)-இல் உங்களோடும் சமரசமாகும்படி முடிப்பதுதான் உங்களுக்கு நல்லது. உங்கள் கையிலிருந்து பணமோ புரோநோட்டோ கொடுக்காதீர்கள். சமரசப் பத்திரத்தில் "முழுப் பொறுப்பும் என்னுடையதே" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மகன் கேட்டால் மன்னிப்புக் கேளுங்கள், நேரில், வாயால், மனதாரக் கேளுங்கள்.

சம்பளத்தையும் சர்டிபிகேட்டையும் அதே பேச்சில் சேர்த்து வாங்கிவிடலாம். ஓவர்டைம் பாக்கி, சஸ்பென்ஷன் மாதிரி வேறு ஏதாவது இருந்தால் அதையெல்லாம் விட்டுக்கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யோசிக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆதார் நகலோடு போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மேனேஜரிடமிருந்து மறுபடி போன் வந்தால், "என் வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.