வாசகர் கேள்வி–பதில்: சாமி மக்கள் சிறுபான்மையினரா, பூர்வகுடிகளா?

கேள்வி: சுவீடன், நார்வே முதலிய நாடுகளின் வடபகுதியில் காலங்காலமாக வாழும் சாமி (Sámi) மக்கள், சுவீடனில் சட்டப்படி தேசியச் சிறுபான்மையினர். பிறகு ஏன் பூர்வகுடி உரிமை கேட்டுப் போராடுகிறார்கள்?

பதில்: பூர்வகுடி என்ற பெயர் அவர்களுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. 1977இல் நாடாளுமன்றம் ஏற்றது. 2011 முதல் அரசியலமைப்பும் மற்றச் சிறுபான்மையினரோடு கலக்காமல் 'சாமி மக்கள்' என்று தனியே குறிப்பிடுகிறது. பெயரோடு நிலம் வரவில்லை, அதுதான் தகராறு.

2010இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சிறுபான்மையினர் சட்டம், யூதர், ரோமா, சுவீடன் ஃபின்னியர், தோர்னெ பள்ளத்தாக்கு மக்கள், சாமி ஆகிய ஐவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. குறிப்பிட்ட சில நகராட்சிகளில் அலுவலகத்தில் சாமி மொழியில் பேசலாம், மனு எழுதலாம். பாலர் பள்ளியும் முதியோர் பராமரிப்பும் அம்மொழியில் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் சுரங்கம் வந்தால், அதை நிறுத்தும் அதிகாரம் இந்தச் சட்டத்தில் இல்லை.

நிலத்துக்கு 1971ஆம் ஆண்டின் துருவ மான் வளர்ப்புச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும். அதன் உரிமை 'சாமேபி' எனப்படும் மேய்ச்சல் சங்கத்தின் உறுப்பினருக்கே. நாட்டில் 51 சங்கங்கள். சாமிகளில் பெரும்பாலோர் எதிலும் உறுப்பினர் இல்லை. ஒரே இனத்தை அரசே இரண்டாகப் பிரித்த சட்டம் இது.

சிறு விலங்கு வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அனுமதி தருவது யார் என்று, இந்தச் சங்கங்களில் ஒன்றான கிர்யாஸ் அரசின் மேல் வழக்குப் போட்டது. 2020 ஜனவரி 23இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள்: 1971 சட்டத்தில் அந்த உரிமை இல்லை என்றே நீதிபதிகள் சொன்னார்கள். வென்றது நினைவுக்கெட்டாத கால அனுபோகம், அதாவது யாருக்கும் தொடக்கம் தெரியாத அளவு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்ததால் வரும் உரிமை. ஆகவே, ஒவ்வொரு சங்கமும் தன் அனுபோகத்தைத் தானே நிரூபிக்க வேண்டும். கிர்யாஸின் தீர்ப்பு மற்றவர்களுக்குத் தானாகப் பொருந்தாது.

கேள்வி: நார்வேயில் நிலைமை மேலா?

பதில்: காகிதத்தில் மேல். பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் எண் உடன்படிக்கையை 1990இல் முதன்முதலில் ஏற்ற நாடு அதுதான். சுவீடன் இன்னும் ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபோசென் பகுதியில் சாமிகளின் மேய்ச்சல் நிலத்தில் அமைத்த காற்றாலைகள் பற்றிய வழக்கில், 2021இல் நார்வே உச்ச நீதிமன்றம் உரிமத்தைச் செல்லாததாக்கியது அந்த உடன்படிக்கையைக் கொண்டு அல்ல. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சிறுபான்மையினரின் பண்பாட்டைக் காக்கும் 27ஆம் பிரிவைக் கொண்டு. துருவ மான் மேய்ப்பது பண்பாடு என்றால், மேய்ச்சல் நிலமும் அதற்குள் அடக்கம். தீர்ப்புக்குப் பிறகும் 151 காற்றாலைகளும் அகற்றப்படவில்லை. மேய்ப்பர்களோடு சமரச ஒப்பந்தம்தான் போடப்பட்டது.