வேளாண் ஆய்வுகளை எல்லோருக்கும் திறந்து வைப்பதால் விவசாயிக்கு உண்மையில் பயன் உண்டா?

கேட்டிருப்பவர் முதுகலை வேளாண் மாணவர். தன் ஆய்வேட்டை யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைக்கச் சொல்கிறார்களாம். ஆங்கிலத்தில் இருக்கும் அத்தனை பக்கத்தையும் எந்த விவசாயி படிக்கப்போகிறார், இது வெறும் சடங்குதானே என்பது அவருடைய சந்தேகம்.

எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. எங்கள் குடும்பம் ராசிபுரம் பக்கம் பல காலமாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடும் குடும்பம். எங்கள் பகுதியைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இரண்டு வெவ்வேறு மாவுப்பூச்சிகள் தாக்கின. இரண்டு முறையும் எங்களைக் காப்பாற்றியது வேறு கண்டங்களில் யாரோ செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவைத்த ஆராய்ச்சி. அதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பெயரில்தான் பப்பாளி. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கொய்யா, வீட்டு வாசல் செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. இலையின் அடியிலும் தண்டிலும் காயிலும் வெள்ளைப் பஞ்சை அப்பியதுபோல் படர்ந்துவிடும். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளிக்கிற மருந்து சரியாக உள்ளே இறங்காது. எல்லோரையும் விட அதிகம் தவித்தவர்கள் பட்டுப்புழு வளர்த்தவர்கள். மல்பெரிக்கு மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் புழுவுக்குப் போட இலையே இருக்காது.

இந்தப் பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெரிய தொல்லை இல்லை, ஏனென்றால் அதைத் தின்று வாழும் எதிரிகளும் அங்கேயே இருக்கின்றன. 1990-களில் அது கரீபியன் தீவுகளுக்குப் பரவியபோது, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் மெக்சிகோவுக்குப் போய் அந்த எதிரிகளைத் தேடிப் பிடித்தார்கள். கிடைத்தவை சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகள். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிந்த புழு பூச்சியைத் தின்று வளர்ந்து, புதிய குளவியாக வெளியே வரும். போர்ட்டோ ரிக்கோவில் இவற்றைப் பெருக்கி விட்டார்கள். 2002-இல் குவாம், 2003-இல் பலாவ் என்று பசிபிக் தீவுகளிலும் விட்டார்கள். எந்தக் குளவி நிலைத்தது, எது நிலைக்கவில்லை, பூச்சி எவ்வளவு குறைந்தது என்பதையெல்லாம் எழுதி வெளியிட்டார்கள்.

கோயம்புத்தூரில் பூச்சி தெரியவந்தபோது விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது. 2010 ஜூலையில் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் வெளியே விட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பெருக்கிக் கொடுத்தன. மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற வகைதான் நம் மண்ணில் நன்றாக வேரூன்றியது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அடுத்த ஆண்டே பல தோட்டங்களில் வெள்ளைப் படலத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2008-க்கும் 2010-க்கும் இடையில் இரண்டு ஆண்டுகள் போயின. இலங்கையில் அதே 2008-இல்தான் இந்தப் பூச்சி தெரியவந்தது; அவர்கள் 2009-லேயே குளவியை வரவழைத்துவிட்டார்கள். உயிருள்ள பூச்சியை ஒரு நாட்டுக்குள் கொண்டுவருவது விளையாட்டல்ல, சோதனையும் அனுமதியும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் மருந்துக்கடைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. கடன் சொல்லி மருந்து வாங்கியவர்கள்தான் அதில் அதிகம்.

இரண்டாவது வந்தது மரவள்ளி மாவுப்பூச்சி. இது வேறு இனம், மரவள்ளியையே குறிவைத்துத் தாக்குவது. 2020-இல் கேரளத்தின் திருச்சூர் பக்கம் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. கொழுந்து வளராமல் கொத்தாகச் சுருண்டு நிற்கும், கணுக்கள் நெருங்கிவிடும், கிழங்கு பெருக்காது. நடவுக் குச்சியோடு ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. நாங்கள் விதைக் குச்சியைப் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்குவதே வழக்கம். அந்த நல்ல வழக்கத்தின் வழியாகவே பூச்சியும் பரவியது.

இந்தப் பூச்சிக்கு ஆப்பிரிக்காவில் நீண்ட வரலாறு இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதிக்கு வந்து, அங்கிருந்து நாடு நாடாகப் பரவியது. சுமார் 20 கோடி மக்களின் அன்றாட உணவே ஆபத்தில் இருந்தது. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் ஆய்வாளர் இதன் இயற்கை எதிரியைத் தேடும் வேலையை முன்னின்று நடத்தினார்.

மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தென் அமெரிக்காவின் வட பகுதியில் முதலில் கிடைத்த மாவுப்பூச்சியைத் தேடிய பூச்சி என்றே நினைத்தார்கள். அதன் குளவிகளைக் கொண்டுவந்து பார்த்தால், அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் பிழைக்கவில்லை. நுணுக்கமாக ஆராய்ந்த பிறகுதான் அது பார்வைக்கு ஒத்த வேறொரு இனம் என்று புரிந்தது. சரியான பூச்சியும், அனகைரஸ் லோபெஸி என்ற அதன் குளவியும் 1981-இல் பராகுவேயில் கிடைத்தன. கொலம்பியாவில் உள்ள இன்னொரு பன்னாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர் பூச்சியைக் கண்டுபிடித்தார், இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்தார்கள், நைஜீரியாவில் விட்டார்கள். ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தத் தோல்வியும் எழுதி வைக்கப்பட்டிருந்ததால், பின்னால் வந்தவர்கள் யாரும் அதே தவறான குளவியின் பின்னால் போகவில்லை. தாய்லாந்தில் 2008-இல் பூச்சி தெரிந்தது. 2009-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வந்து சேர்ந்தது. நமக்கும் 2021-இல் அதே பெனினிலிருந்துதான் வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வெளியே விட்டார்கள்.

பராகுவேயில் பிடித்து, ஆப்பிரிக்காவில் நாற்பது ஆண்டுகள் பேணி, ஏத்தாப்பூருக்கு வந்த குளவி அது. எந்த இடத்திலும் யாரும் உரிமத்தொகை கேட்கவில்லை. எங்கள் ஊரில் இதைச் சொல்லும்போதெல்லாம் நம்ப முடியாமல் மறுபடி கேட்பார்கள்.

இந்த வேலையை ஒரு தனியார் நிறுவனம் செய்திருக்குமா? செய்யாது, அதற்குக் காரணமும் உண்டு. குளவியை ஒரு முறை விட்டால் அது தானாகப் பெருகிக்கொள்ளும். அடுத்த பருவத்தில் யாரும் வந்து வாங்க மாட்டார்கள். மறுபடி மறுபடி விற்க முடியாத தீர்வு சந்தைக்குத் தேவையில்லை. ஆனால் கைக்காசு குறைந்த விவசாயிக்கு வேண்டியது அப்படிப்பட்ட தீர்வுதான். அதைப் பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிதான் தர முடியும். அது தாளுக்குள் பூட்டிக் கிடந்தால் தரவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. மருந்துக்கு மானியம் என்றால் பட்டாவும் சிட்டாவும் கேட்பார்கள். வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவருக்கு அது கிடைக்காது. கணவர் பெயரிலேயே பட்டா கிடக்கும் கைம்பெண்ணுக்கும் கிடைக்காது. குளவி இதையெல்லாம் பார்க்காமல் வரப்பைத் தாண்டி எல்லோர் தோட்டத்துக்கும் போனது. எல்லோரையும் உள்ளடக்கிய வளர்ச்சி என்று மேடைகளில் சொல்வதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆனால் குளவி போன வேகத்தில் அதைப் பற்றிய அறிவு போகவில்லை. குளவி தாக்கிய மாவுப்பூச்சி செத்து, உடல் தடித்துப் பழுப்பு நிறத்தில் கூடுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் அடுத்த குளவி வளர்ந்துகொண்டிருக்கும். எங்கள் பக்கம் பலர் அதைப் பார்த்து, இன்னும் பூச்சி இருக்கிறதே என்று மருந்தடித்தார்கள். செத்தது குளவி. “பழுப்புக் கூடு தெரிந்தால் மருந்தை நிறுத்துங்கள், அந்த இலையைப் பறித்துப் பூச்சி உள்ள இடத்தில் போடுங்கள்” என்று ஒரு படத்தோடு இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி ஆங்கிலக் கட்டுரைகளில் தெளிவாக இருந்தது. எங்கள் தோட்டத்துக் களைவெட்டும் பெண்களிடம் அது மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது. பயிரின் கொழுந்தைத் தினமும் பக்கத்தில் பார்ப்பவர்கள் அவர்கள்தான், பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுகிறவர்கள் நிலத்துச் சொந்தக்காரர்கள். இந்த முரண்பாடு இன்றுவரை மாறவில்லை.

இதைச் சரியாகச் செய்த முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படை பொதுவில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் ஊர் கேட்கச் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே அங்கே இல்லை. அந்தக் கடற்படை தன் கணிப்பைப் பொதுவில் வைக்காமல் இருந்திருந்தால் ஒலிபெருக்கி இருந்தும் பயனில்லை. ஒலிபெருக்கி இல்லாதிருந்தால் அந்தக் கணிப்பு மீனவருக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. இரண்டும் சேர வேண்டும்.

அறிவைத் திறந்து வைத்தால் வெளிநாட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போய்க் காப்புரிமை வாங்கிவிடுவான் என்று பலர் எழுதுகிறார்கள். பயம் நியாயமானது, ஆனால் நடந்ததைப் பாருங்கள். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, இது பழைய அறிவு என்பதற்கு 32 எழுத்துச் சான்றுகளைக் காட்டி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் அந்த வழக்கு நின்றிருக்காது. விதையும் உயிரினமும் வேறு விஷயம்; அவற்றைப் பேணிய சமூகத்தின் ஒப்புதலும் பங்கும் அங்கே கட்டாயம் வேண்டும். விவசாயியிடமிருந்து எடுத்த விவரத்துக்கு அவர் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் வெளியிடுவதை நான் திறந்த அறிவு என்று சொல்லவே மாட்டேன்.

ஆகவே மாணவருக்கு: இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே, ஆய்வுகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்ற திறந்த அணுக்கக் கொள்கையை ஏற்றிருக்கிறது. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்க கிருஷிகோஷ் என்ற களஞ்சியமும் இருக்கிறது. முழுமையாக அதில் ஏற்றுங்கள். பலிக்காத சோதனைகளையும், எந்த ஊர், எந்த மண், எந்தப் பருவம் என்ற விவரங்களையும் வெட்டாமல் ஏற்றுங்கள். விவசாயி படிக்காவிட்டாலும், பத்து ஆண்டு கழித்து ஏதோ ஒரு நாட்டில் உங்கள் பூச்சியைக் கண்டு திகைத்து நிற்கும் ஆய்வாளர் படிப்பார். அதோடு தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது, என்ன செலவாகும் என்பது மட்டும் இருந்தால் போதும். எழுதியதை ஒரு களைவெட்டும் அம்மாவிடம் வாசித்துக் காட்டி, அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று பார்த்துத் திருத்துங்கள். அதையே உங்கள் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். உங்கள் சோதனைக்கு நிலம் தந்தவர் யாரோ, அவர் வீட்டுக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே போய் முடிவைச் சொல்லிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். அதையும் ஆய்வேட்டில் சேர்த்துவிடுங்கள்.