இல்லஸ்ட்ரேட்டரில் நாமே செய்த வண்ணங்களும் சிம்பல்களும் புது ஃபைலிலும் தயாராக இருக்க என்ன வழி?

கேள்வி கேட்டவர் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் வேலை பார்க்கிறார். தனக்கென்று வண்ணங்கள் கலந்து வைத்திருக்கிறார். குத்துவிளக்கு, பூரண கும்பம் எல்லாம் வரைந்து, திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் சிம்பலாக்கி வைத்திருக்கிறார். புது ஃபைல் திறந்தால் அவற்றில் ஒன்றும் இல்லை, பழைய ஃபைலைத் தேடித் திறந்து காப்பி எடுக்க வேண்டியிருக்கிறது, கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வேறு என்கிறார். கும்பகோணத்தில் நானும் இதே தொழிலில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்வாட்ச்சும் (சேமித்து வைத்த வண்ணம்) சிம்பலும் இல்லஸ்ட்ரேட்டருக்குச் சொந்தம் இல்லை, அந்தந்த ஃபைலுக்குச் சொந்தம். புது ஃபைல் திறக்கும்போது, பிரின்ட், வெப் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் வகைக்கு அடோபி வைத்திருக்கும் வண்ணங்கள்தான் வரும். அதனால் உங்களுடையதை ஃபைலிலிருந்து வெளியே எடுத்து, எந்த ஃபைலிலும் திறக்கக்கூடிய தொகுப்பாக, அதாவது லைப்ரரியாகச் சேமிக்க வேண்டும். ஆனால் நேராக லைப்ரரிக்குப் போகாதீர்கள், முதலில் ஒரு தாய் ஃபைல் செய்யுங்கள். சேமித்த லைப்ரரி திறக்கும் பேனலில் (திரையில் வரும் சிறு பெட்டி) எதையும் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. திருத்தம் எல்லாம் தாய் ஃபைலில் நடக்கும், லைப்ரரி அதன் நகல்.

தாய் ஃபைலை சிஎம்ஒய்கே (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகள்) முறையில் திறங்கள், நம் வேலை அச்சுக்குத்தானே. உங்கள் வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கட்டம் போட்டு நிரப்புங்கள். உங்கள் சிம்பல்களையும் பக்கத்தில் ஒவ்வொன்று வைத்துவிடுங்கள். அப்புறம் சிம்பல், பிரஷ், கிராஃபிக் ஸ்டைல் பேனல்களில் கூடவே வந்ததை எல்லாம் அழியுங்கள். கடைசியாக ஸ்வாட்ச் பேனல் மெனுவில் 'செலக்ட் ஆல் அன்யூஸ்டு' கொடுத்து அழித்தால் உங்களுடையது மட்டும் மிஞ்சும். இந்த வரிசை முக்கியம். வேண்டாத பிரஷ் ஒன்று பேனலில் இருந்தாலும் அது பிடித்துவைத்திருக்கும் வண்ணம் அழியாமல் நிற்கும்.

ஒவ்வொரு வண்ணத்தையும் டபுள் கிளிக் செய்து 'குளோபல்' என்பதில் டிக் போடுங்கள். கட்டத்தின் மூலையில் சிறு வெள்ளை முக்கோணம் தெரியும். பிறகு அந்த ஸ்வாட்ச்சை மாற்றினால், அந்த ஃபைலில் அது போட்ட இடமெல்லாம் மாறும். மாப்பிள்ளை வீட்டார் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, "தம்பி, அரக்கு கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லாருக்கும்" என்று சொன்னால் ஒரே இடத்தில் திருத்திக் கொடுத்துவிடலாம்.

பெயர் வைப்பதிலும் அக்கறை வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் நிறத்தைப் பட்டுப் புடவை வழியாகத்தான் சொல்வார்கள்: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. அதையே பெயராக வைத்து, பக்கத்தில் மை அளவையும் எழுதிவிடுங்கள். 'மாம்பழ மஞ்சள் 0-20-100-0' என்று இருந்தால் பிரஸ்காரரிடம் போனிலேயே சொல்லிவிடலாம்.

மயில்கழுத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீலமும் பச்சையும் கலந்து மின்னும் நிறம் அது, ஒரே வண்ணத்தில் வராது. நான் கிரேடியன்ட்டாக, அதாவது ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும்படி வைத்திருக்கிறேன். திருபுவனம் பட்டின் கரை மாதிரி கோபுர வரிசையை, திரும்பத் திரும்ப வரும் ஒரு பேட்டர்னாகவும் வைத்திருக்கிறேன். ஸ்வாட்ச்களைச் சேமிக்க மெனுவில் இரண்டு ஃபைல் வகை உண்டு, ஏஐ, ஏஎஸ்இ என்று. ஏஎஸ்இ எடுத்தால் போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் திறக்கலாம், ஆனால் கிரேடியன்ட்டும் பேட்டர்னும் அதில் போகாது. ஆகவே 'சேவ் ஸ்வாட்ச் லைப்ரரி ஆஸ் ஏஐ' கொடுங்கள்.

சிம்பலில், தமிழ் எழுத்து உள்ளவற்றை எல்லாம் அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டுப் படமாக மாற்றிய பிறகே சிம்பலாக்குங்கள். பத்திரிகையின் தலையில் வரும் 'உ', 'சிவமயம்', 'திருமண அழைப்பிதழ்' எல்லாம் இதில் சேரும். நம் கடைகளில் இன்னும் பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'சிவமயம்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும்.

விளக்கு மாதிரிப் படங்களை எடுத்து எஃப்8 அழுத்தும்போது 'டைனமிக்' சிம்பலாகத் தேர்ந்தெடுங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். உச்சியில் அன்னம், கீழே தட்டு, தண்டு, அகன்ற பாதம். டைரக்ட் செலக்ஷன் அம்பால் அன்னத்தை மட்டும் தொட்டு நிறம் மாற்றலாம், சிம்பலோடு உள்ள தொடர்பு அறுந்துபோகாது. ஒரே விளக்கு ஒரு பத்திரிகையில் பொன்னிறமாகவும் இன்னொன்றில் அரக்காகவும் வரும். நாகூர்ப் பக்கத்து வேலைக்குப் பிறை, வேளாங்கண்ணிக்குச் சிலுவை, புறா என்று அதே பேனலில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டதையும் நிரப்பாதீர்கள். தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தால் அது கைக்கெட்டும் பொருள் இல்லை.

சரி, எப்போதும் திறந்திருக்கச் செய்வது எப்படி? சிம்பல் பேனல் மெனுவில் 'சேவ் சிம்பல் லைப்ரரி' கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர் காட்டும் ஃபோல்டரை மாற்றாமல் சேமித்தால், பேனலின் கீழ் இடது மூலையில் உள்ள லைப்ரரி மெனுவில் 'யூசர் டிஃபைன்டு' என்பதன் கீழ் அது வந்து நிற்கும். ஸ்வாட்ச்சுக்கும் அப்படியே. திறந்து, அந்த லைப்ரரி பேனலின் சொந்த மெனுவில் 'பெர்சிஸ்டென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் இல்லஸ்ட்ரேட்டரைத் திறக்கும்போது தானாகவே வரும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த ஒரு டிக்தான், பலருக்கும் இது இருப்பதே தெரியாது.

ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு மட்டும் டெம்ப்ளேட் (மாதிரி ஃபைல்) இன்னும் நல்லது. கோயில் நோட்டீஸுக்குத் தாய் ஃபைலிலிருந்தே ஒரு டெம்ப்ளேட் சேமித்து 'நியூ ஃப்ரம் டெம்ப்ளேட்' வழியாகத் திறந்தால், எல்லா வண்ணமும் ஸ்வாட்ச் பேனலுக்குள்ளேயே இருக்கும்.

கோரல்டிரா என்ற வேறு வரைகலை மென்பொருளில் இருப்பவர்களுக்கு: கன்ட்ரோல்-எஃப்3 அழுத்தினால் சிம்பல் பேனல் வரும், லைப்ரரியை சிஎஸ்எல் ஃபைலாகச் சேமிக்கலாம். வண்ணங்களுக்குச் சொந்தப் பேலட் உருவாக்கித் திரையில் நிறுத்திவிடலாம். இங்க்ஸ்கேப் இன்னொரு வரைகலை மென்பொருள், இலவசம், அதில் ஜிபிஎல் பேலட்டை 'பேலட்ஸ்' ஃபோல்டரிலும், சிம்பல் உள்ள எஸ்விஜி ஃபைலை 'சிம்பல்ஸ்' ஃபோல்டரிலும் போட்டால் போதும்.

இனி உங்கள் இரண்டு கம்ப்யூட்டர் விஷயம். விண்டோஸில் இந்த லைப்ரரிகள் சி டிரைவில் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள், வெர்ஷன் எண்ணோடு உள்ள செட்டிங்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும். புது வெர்ஷன் போட்டால் புது ஃபோல்டர். விண்டோஸை ஃபார்மட் செய்தால் எல்லாம் போயிற்று. அதனால் தாய் ஃபைலையும் இரண்டு லைப்ரரிகளையும் வேறு டிரைவில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் லைப்ரரி நெட் வழியாக இரண்டு இடத்திலும் தானாக ஒத்துப்போகும், உண்மைதான். ஆனால் ஐப்பசி மழையில் கரன்ட்டும் நெட்டும் போய்ப் போய் வரும் ஊரில், இங்கே சேர்த்தது அங்கே போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதிலிருந்து இழுக்கும் படமும் லைப்ரரியோடு இணைந்த படமாகத்தான் வந்து விழும், இணைப்பு வேண்டாம் என்றால் ஆல்ட் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். எனக்குப் பென் டிரைவே நம்பிக்கையாக இருக்கிறது.

தாய் ஃபைலைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். திருத்தியதும் லைப்ரரியை அதே பெயரில் மறுபடி சேமித்து மற்ற கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு, இல்லஸ்ட்ரேட்டரை மூடித் திறக்க வேண்டும். பழைய வேலைகளின் நிறம் இதனால் மாறாது, அவை அந்தந்த ஃபைலிலேயே பதிந்துவிட்டவை. "போன வருஷ நோட்டீஸ் கலர்லயே அடிச்சுக் கொடுங்கண்ணே" என்று விழாக் கமிட்டியார் வந்து நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும். ஒரு வண்ணத்தின் அளவை மாற்றினால் பெயரையும் மாற்றிவிடுங்கள். வேறு ஃபைலிலிருந்து படம் கொண்டுவரும்போது ஒரே பெயரில் இரண்டு அளவு சந்தித்தால், தனியாகச் சேர்க்கவா, இருப்பதோடு இணைக்கவா என்று இல்லஸ்ட்ரேட்டர் கேட்கும். அவசரத்தில் இணை என்று கொடுத்துவிட்டால், உள்ளே வரும் படம் ஏற்கெனவே உள்ள நிறத்துக்கு மாறிவிடும்.